தப்பியது: ஒன்னி

லான்சிங்
8 செப்டம்பர் 1987

மச்சான் ரெய்னோ அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. உங்கள் தங்கை இர்மா மூன்று வாரமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, நேற்று தாளையும் பேனாவையும் என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். எழுதி முடித்தால்தான் காபி என்று உத்தரவு. ஒன்பது வருடம் உங்களோடு பேசாமல் சுகமாகத்தான் இருந்தேன்.

விஷயம் இதுதான். நவம்பர் பதினைந்தாம் தேதி மான் வேட்டை தொடங்கும் நாளில் உங்கள் காட்டுக் குடிலுக்கு வரச் சொல்லி இர்மாவுக்கு எழுதியிருக்கிறீர்கள். "இர்மா மட்டும்" என்று அடிக்கோடு போட்டிருந்ததை நானும் படித்தேன். அவள் வருகிறாள். ஆனால் அவள் விரல்கள் முன்போல இல்லை. இரண்டு வருடமாக மூட்டுவாதம். பள்ளிக்கூடச் சமையலறையில் டப்பா மூடி திறக்கக்கூட இன்னொருத்தியைக் கூப்பிடுகிறாள். எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் கொடுத்த துப்பாக்கியின் விசையை அவளால் இழுக்க முடியவில்லை. இழுப்பதற்குள் குழல் நடுங்கிக் குறி எங்கேயோ போகிறது.

இங்கே ஒரு கடைக்காரரிடம் கேட்டேன். புது விசை மாட்ட அவர் சொன்ன விலைக்கு இன்னொரு துப்பாக்கியே வாங்கிவிடலாம். மார்ச் மாதம் முதல் கார்த் தொழிற்சாலையில் எனக்கு வேலை இல்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் ஊரில் அதைச் சொல்லிச் சிரித்தும் இருப்பீர்கள்.

அதிகம் செலவில்லாமல், ஆபத்தும் இல்லாமல் விசையை இலேசாக்க வழி உண்டா? துப்பாக்கி ரிப்பேர் செய்வது உங்கள் தொழில். தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் அதையும் எழுதுங்கள், இங்கே நூலகத்தில் புத்தகம் இருக்கிறது.

டெல்மர் ப்ரூக்


டாமராக் ஏரி
14 செப்டம்பர்

மாப்பிள்ளை,

நூலகத்தில் புத்தகமா? போ, படி. படித்துவிட்டு ஒரு கண்ணோ இரண்டு விரலோ போன பிறகு எழுது.

மாநிலத்தின் வடபாதியையும் தென்பாதியையும் இணைக்கிற பாலத்துக்குத் தெற்கே போய்க் குடியேறினவர்களை "பாலத்துக்குக் கீழே இருக்கிற பூதங்கள்" என்று இங்கே சும்மா சொல்லவில்லை. வருடத்துக்கு ஒரு முறை ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு வடக்கே ஏறி வருவீர்கள், மரத்தையும் பசுமாட்டையும் சுட்டுவிட்டுப் போவீர்கள். அதில் நீ ஒரு படி மேல். நீ என் அப்பாவையே சுட்டாய்.

மறந்திருக்காது, இருந்தாலும் எழுதுகிறேன். 1978, முதல் நாள் விடியல். அப்பா உனக்கு முப்பது அடி முன்னால் இடது பக்கமாக மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார். நீ கலைமானைப் பார்த்தாய். துப்பாக்கியைத் தூக்கினாய். வெடித்தது. குண்டு அவர் தொப்பிக்கு ஒரு சாண் மேலே பிர்ச் மரத்தில் இறங்கியது. எழுபது வயது மனிதர் பனியில் உட்கார்ந்துவிட்டார். நீ ஓடி வந்து என்ன சொன்னாய்? "தானா வெடிச்சிருச்சு மச்சான், சேஃப்டிப் பூட்டைத்தான் தள்ளுனேன்." முப்பது பேருடைய துப்பாக்கிகளை ரிப்பேர் செய்கிறேன். ஒன்றாவது தானாக வெடித்து நான் பார்த்ததில்லை. தானாக வருவது பொய் மட்டும்தான்.

அதனால்தான் அன்று ராத்திரி நீ மான் தப்பவிட்டதற்கு வெட்ட வேண்டிய சட்டைப் பின்தொங்கலை வேறு கணக்கில் வெட்டினேன். குறி தப்பினவன் சட்டையின் பின்பக்கத்தை வெட்டி, பேரும் வருடமும் தப்பிய விலங்கும் எழுதிச் சுவரில் ஆணி அடிப்பது எங்கள் குடிலில் என் தாத்தா காலத்து வழக்கம். நாற்பத்திரண்டு துணி தொங்குகிறது. நாற்பத்தொன்றில் மான் என்று இருக்கிறது. உன்னுடையதில் மட்டும் "டெல்மர். 1978. தப்பியது: ஒன்னி." அப்பாவின் பெயரை நானே என் கையால் எழுதினேன். எல்லாரும் சிரித்தார்கள், அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

சரி, என் தங்கைக்காகச் சொல்கிறேன். தோட்டா எல்லாவற்றையும் வேறு அறையில் வை. துப்பாக்கி காலியா என்று கண்ணால் பார், பிறகு சுண்டுவிரலை விட்டுப் பார், பிறகு இர்மாவைப் பார்க்கச் சொல். உன் கண்ணை நான் நம்பவில்லை. மீன் எடை பார்க்கிற ஸ்பிரிங் தராசு வீட்டில் இருக்கும். அதன் கொக்கியை விசையில் மாட்டி நேராகப் பின்னால் இழு. எத்தனை ராத்தலில் தோட்டாவைக் குத்துகிற ஊசி விழுகிறது என்று எழுது. அதற்குப் பிறகு துப்பாக்கியின் மரக்கட்டையைக் கழற்றி, விசைப் பெட்டியை லைட்டர் பெட்ரோலில் கழுவு. வாசலுக்கு வெளியே, சிகரெட் இல்லாமல். பாதி துப்பாக்கிகளில் விசை கனமாக இருப்பதற்கு இருபது வருட எண்ணெய் பிசினாகிப் போனதுதான் காரணம். அரத்தையோ உப்புத்தாளையோ கையில் எடுத்தாய் என்று தெரிந்தால் பாலத்தைத் தாண்டி வந்து உதைப்பேன்.

ரெய்னோ


லான்சிங்
21 செப்டம்பர்

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் உபயோகமாக இருந்தது கடைசிப் பத்தி மட்டும். மற்றதைப் படிக்காமல் மடிக்கலாம் என்று பார்த்தேன். இர்மா உரக்கப் படித்துவிட்டாள்.

தராசில் ஒன்பது ராத்தல் காட்டியது. இரண்டு திருகாணியைக் கழற்றிக் கட்டையிலிருந்து பிரித்தேன். விசைப் பெட்டியிலிருந்து கறுப்பாகப் பாகு மாதிரி வந்தது. கழுவிக் காயவைத்து மறுபடி பார்த்தபோது எட்டு. இர்மா இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தாள். ஊசி விழுந்தது, அவளும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கையை உதறினாள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். விசைக்கு முன்னால் ஸ்பிரிங்கை முடுக்குகிற சின்னத் திருகு ஒன்று இருக்கிறதே, அதை 1978 நவம்பர் பதினாறாம் தேதி நான்தான் கடைசிவரை முடுக்கினேன். இனி தானாக வெடிக்கக்கூடாது என்று. அதற்கு முன்னால் விசை எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். இப்போது அந்தத் திருகைத் தளர்த்தலாமா?

குழலின் முனை அன்று அப்பா இருந்த பக்கம் திரும்பியிருந்தது என் தப்பு. அதை அன்றைக்கே அவரிடம் ஒப்புக்கொண்டேன். விசையில் விரல் வைத்தேன் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை, இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டெல்மர்


டாமராக் ஏரி
28 செப்டம்பர்

மாப்பிள்ளை,

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். விரல் தப்புச் செய்யும், திருகு தண்டனை அனுபவிக்குமா? ஒன்பது வருடமாக நல்ல துப்பாக்கியின் கழுத்தை நெரித்து வைத்திருக்கிறாய், என் தங்கையின் விரல் அதற்கு வட்டி கட்டுகிறது. இதை வாசித்துக் காட்டினேன், கடையில் உட்கார்ந்திருந்த மூன்று பேர் காபியைத் துப்பினார்கள்.

தளர்த்து. ஒரே முறையில் இல்லை, கால் சுற்றாகத் தளர்த்து. ஒவ்வொரு முறையும் தராசு போடு. நாலு ராத்தலில் நிறுத்து. அதற்குக் கீழே போகாதே. கையுறை போட்ட கைக்கும் குளிரில் மரத்த விரலுக்கும் அதற்குக் கீழே போனால் ஆபத்து. போட்டிக்காரர்கள் இரண்டு ராத்தலுக்கு வைப்பார்கள். அவர்கள் வெயிலில் அட்டையைச் சுடுகிறவர்கள், அவர்களுக்கு முன்னால் மாமனார் நடக்க மாட்டார்.

பிறகு சோதனை. இதில் சோம்பல் வேண்டாம். காலித் துப்பாக்கி, மறுபடி மூன்று பார்வை. முதலில் தோட்டா ஏற்றுகிற தாழை இழுத்து இருபது தடவை வேகமாக அடித்து மூடு, ஊசி விழக்கூடாது. அடுத்தது, தரையில் ரப்பர் பாய் போட்டு அடிக்கட்டையை நாலு பக்கமும் தட்டு, விழக்கூடாது. கடைசியாக சேஃப்டியைப் போட்டு விசையை அழுத்தமாக இழு, விடு, விரலை எடு. அதற்குப் பிறகு சேஃப்டியை எடு. அப்போதும் விழக்கூடாது. இதில் ஒன்றில் விழுந்தாலும் அந்தத் துப்பாக்கி காட்டுக்குப் போகக்கூடாது.

விழாது. ஏனென்றால் அது நான் கொடுத்த துப்பாக்கி. என் கை பட்டு வந்தது.

இர்மாவின் மூட்டுக்கு இங்கே ஒரு கிழவர் கரடிக் கொழுப்பு விற்கிறார். அனுப்பட்டுமா என்று கேள். உனக்கு இல்லை.

ரெய்னோ


லான்சிங்
5 அக்டோபர்

மச்சான் அவர்களுக்கு,

விழுந்தது.

முதல் இரண்டு சோதனையிலும் விழவில்லை. மூன்றாவதில், நாலு ராத்தலில், சேஃப்டியை எடுத்தவுடன் டிக்கென்று ஒரு சத்தம். இர்மாதான் "உங்க வெரல் பட்டிருக்கும், இன்னொரு வாட்டி பண்ணுங்க" என்றாள். உங்கள் வீட்டுப் பெண்தானே.

அதனால் இப்படிச் செய்தோம். துப்பாக்கியைச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு மாவு மூட்டைக்கு நடுவே படுக்கவைத்தேன். விசையை இழுத்து விட்டபிறகு நான் மூன்றடி தள்ளிப் போய் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். இர்மா மறுபக்கம் நின்று மரக்கரண்டிக் காம்பால் சேஃப்டியைத் தள்ளினாள். இருபது தடவை. நாலு தடவை விழுந்தது. நாலு தடவையும் என் கை பைக்குள் இருந்தது.

நாலாவதாக விழுந்த பிறகு அவள் கரண்டியை வைத்துவிட்டுப் பின்வாசல் படிக்கட்டில் போய் நின்றாள். கோட்டுகூடப் போடவில்லை. அரைமணி கழித்து உள்ளே வந்து சொன்னாள்: "ஒம்போது வருஷம். நானும் உங்களை நம்பலைங்க."

இதை அவள் அதற்கு முன்னால் ஒருநாளும் சொன்னதில்லை. நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில் அவளிடம், "காட்டுல அவனுக்கு முன்னால மட்டும் நடக்காத" என்று சொன்னதும் எனக்குத் தெரியும். நான் கதவுக்கு வெளியே ஆரஞ்சுப் பழப் பையோடு நின்றுகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவள் காட்டுக்கே போகவில்லை. இந்த வருடம்தான் போகிறேன் என்றாள்.

விசைப் பெட்டியைக் கழற்றி, காபி டப்பாவில் பஞ்சு வைத்து இத்தோடு அனுப்பியிருக்கிறேன். உங்கள் பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். பார்த்ததை அப்படியே எழுதுங்கள். என் விரல் அதற்குள் எங்காவது ஒளிந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

டெல்மர்


டாமராக் ஏரி
13 அக்டோபர்

மாப்பிள்ளை,

டப்பா வந்தது. திறந்து பார்த்தேன். பத்து மடங்கு கண்ணாடியில் பார்த்தேன். பார்த்துவிட்டு எழுந்து போய் நாயை ஒரு சுற்று நடத்திவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன், இல்லாவிட்டால் தாள் கிழிந்திருக்கும்.

எந்தக் கசாப்புக்காரனிடம் கொடுத்தாய்?

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். விசைக்கு மேலே சின்ன எஃகுக் கொக்கி ஒன்று இருக்கிறது. ஊசியைப் பிடித்து நிறுத்துவது அதுதான். அதன் விளிம்பு கதவு நிலைப்படி மாதிரி நேராக, கூராக இருக்க வேண்டும். இதில் எவனோ எண்ணெய்க் கல்லில் தேய்த்து உருட்டி வைத்திருக்கிறான். அதுவும் சாய்வாக. கறிக்கத்தி தீட்டுகிற கல்லாக இருக்க வேண்டும், கோடு கோடாகத் தெரிகிறது. இலேசாக்க வேண்டுமாம், தேய்த்தானாம். விசை இலேசாகத்தான் ஆகும். ஆனால் பிடிமானம் போய்விடும். குடித்தவன் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்திருப்பது போலப் பிடித்திருக்கும். சேஃப்டி போட்ட நிலையில் விசையில் ஏதாவது பட்டால், கையுறையோ ஒரு குச்சியோ போதும், கொக்கி திரும்பி முழுதாக உட்காராது. சேஃப்டியை எடுத்ததும் விழும். விழுகிற நேரம் உள்ளே தோட்டா இருந்தால் வெடிக்கும். யார் விரலும் தேவையில்லை.

பதினைந்து வருடத் தொழிலில் இவ்வளவு கேவலமான வேலையைப் பார்த்ததில்லை. இதைச் செய்தவன் கையில் கல் இருந்தது குரங்கு கையில் பூமாலைதான். அந்த ஆள் இன்னும் உயிரோடு கடை வைத்திருந்தால் பெயரை எழுது, நானே நேரில் வந்து அவன் கடைப் பலகையைக் கழற்றுகிறேன். இல்லை, நீயே செய்தாயா? 78-க்குப் பிறகு, உன் பொய்க்குச் சாட்சி தேடி? உன்னிடமிருந்து அதையும் எதிர்பார்க்கலாம். நான் கொடுத்தபோது அது சுத்தமாக இருந்தது.

நல்ல தொழிலாளியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேள். நான் ஒரு துப்பாக்கியைத் தொட்டால், கட்டைக்குள்ளே, குழல் படுக்கிற பள்ளத்தில், பென்சிலால் பெயரும் மாதமும் எழுதாமல் மூடியதில்லை. பழக ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான். வேலைக்குப் பொறுப்பு ஏற்கிறவன் பெயர் போடுவான். நீ போய் உன் கட்டைக்குள்ளே பார். ஒரு பெயரும் இருக்காது. கசாப்புக்காரன் மாட்டின் மேல் கையெழுத்துப் போடுவதில்லை.

ரெய்னோ


லான்சிங்
18 அக்டோபர்

மச்சான் அவர்களுக்கு,

பார்த்தேன். இன்று இல்லை, செப்டம்பர் இருபதாம் தேதி கட்டையை முதல்முதலாகக் கழற்றியபோதே பார்த்தேன். நீங்களாக என்ன சொல்கிறீர்கள் என்று பார்க்கத்தான் நாலு வாரம் பேசாமல் இருந்தேன். இப்போது நீங்கள் சொன்னபடியே அந்த ஆளின் பெயரை எழுதுகிறேன்.

குழல் படுக்கிற பள்ளத்தில் பென்சிலில் இப்படி இருக்கிறது: "ஆர். சாரேலா. விசை வழவழப்பாக்கியது. ஜூன் 1971." உங்கள் பெயர், உங்கள் கையெழுத்து.

எங்கள் கல்யாணம் ஜூன் பத்தொன்பது. உங்கள் நினைவுக்காகச் சொல்கிறேன், விருந்தில் நீங்கள் பீர்க் குவளையோடு மேஜை மேல் ஏறி நின்று என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்: "வெண்ணெய்ல கத்தி எறங்குற மாதிரி எறங்கும் மாப்ள, நானே ஒக்காந்து தேச்சேன்." எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதற்குப் பிறகு அந்தத் துப்பாக்கியை எந்தக் கடைக்கும் நான் கொடுத்ததில்லை. திருகை முடுக்கினதைத் தவிர நான் தொட்டதில்லை. இர்மா சாட்சி. இப்போது அவள் சாட்சி உங்களுக்குப் போதும் என்று நினைக்கிறேன்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். நீங்கள் அம்பையும் நோகவில்லை, அதைக் கையில் வைத்திருந்தவனை நொந்தீர்கள். அவன் சட்டையை வெட்டினீர்கள். உங்கள் அப்பா அதற்குப் பிறகு ஐந்து இலையுதிர் காலம் அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து காபி குடித்தார். தன் பெயரைத் தினமும் அதில் படித்தார். படித்துப் படித்துத்தான் அவருக்கு அந்த எண்ணம் உறுதியாயிருக்கும். 83-ல் சவ அடக்கத்தின்போது நான் கடைசி வரிசையில் நின்றேன். பெட்டியைத் தூக்க ஆள் குறைந்தபோதுகூட நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டு அஞ்சல்காரரைக் கூப்பிட்டீர்கள்.

கடைப் பலகையை எப்போது கழற்றப் போகிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. இர்மா ஒன்றைத்தான் கேட்கச் சொன்னாள். பதினைந்தாம் தேதிக்கு இன்னும் நாலு வாரம் இருக்கிறது. எனக்கு ஒரு துப்பாக்கி இருக்கிறதா இல்லையா என்று அண்ணனைக் கேளுங்கள் என்றாள்.

டெல்மர்


டாமராக் ஏரி
29 அக்டோபர்

டெல்மர்,

கடிதம் வந்து எட்டு நாள் பதில் எழுதவில்லை. முதல் நாலு நாள் நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். பென்சிலால் யாரும் எழுதலாம் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் அம்மாவின் பழைய சமையல் பெட்டியை இறக்கி அந்தக் கல்லை எடுத்தேன். கறிக்கத்தி தீட்டுகிற கல்தான். அதன் ஒரு ஓரத்தில் மெல்லிய பள்ளம் இருக்கிறது. உங்கள் கொக்கியை வைத்தால் சரியாக உட்காருகிறது.

இருபத்தைந்து வயது. பட்டாளத்திலிருந்து வந்து ஆறு மாதம். யாரோ செய்வதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு எல்லாம் தெரியும் என்று நினைத்த காலம். இர்மாவுக்கு நல்லதாக ஒன்று கொடுக்க வேண்டும், புது விசை வாங்கக் காசில்லை, தேய்த்தேன். சோதனை ஒன்றும் செய்யவில்லை. அப்படி ஒரு சோதனை இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது. பிறகு தொழில் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட பிறகு பழையதை ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. தானாக வெடித்தது என்று நீங்கள் சொன்ன அன்று ராத்திரி, துப்பாக்கியைக் கழற்றிப் பார்த்திருந்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். நான் கத்திரிக்கோலைத் தேடிப் போனேன்.

துப்பாக்கி இருக்கிறது என்று இர்மாவிடம் சொல்லுங்கள். என்னிடம் அதே வகையில் குழல் துருப்பிடித்த துப்பாக்கி ஒன்று கிடந்தது. அதிலிருந்து யார் கையும் படாத கொக்கியையும் விசையையும் எடுத்து மாட்டியிருக்கிறேன். ஸ்பிரிங் மட்டும் புதிது, இலேசானது. எதையும் தேய்க்கவில்லை. மூன்று சோதனையும் நூறு நூறு தடவை செய்தேன். நாலு ராத்தலில் நிற்கிறது. ஒன்றுகூட விழவில்லை. ஆனால் என் பேச்சை நம்ப வேண்டாம். கட்டையில் மாட்டித் திருகாணி முடுக்கியதும் சில நேரம் பிடிமானம் மாறும், அதனால் நீங்களும் முதலிலிருந்து செய்யுங்கள். இர்மா கரண்டியைப் பிடிக்கட்டும், நீங்கள் பைக்குள் கையை விட்டுக்கொள்ளுங்கள். பழைய கொக்கியைச் சுத்தியலால் அடித்து உடைத்துவிட்டேன். தபால் செலவு என்னுடையது.

டப்பாவில் பஞ்சுக்குப் பதிலாக ஒரு துணி இருக்கும். என் சட்டைப் பின்தொங்கல். "ரெய்னோ. 1971." என்று எழுதியிருக்கிறேன். தப்பியது என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், எழுத வரவில்லை. அதை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள். உங்களுடையதைச் சுவரிலிருந்து கழற்றி சவுனாக் குளியலறை அடுப்பில் போட்டுவிடுகிறேன். யாரும் கேட்க மாட்டார்கள்.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இருக்கிறது. நாற்பது வருடத்தில் நான் அதை வாயால் சொன்னதில்லை. இப்போது கையாலும் முடியவில்லை. பதினைந்தாம் தேதி நீங்களும் வாருங்கள்.

ரெய்னோ


லான்சிங்
4 நவம்பர்

ரெய்னோ,

"நீங்கள்" எல்லாம் வேண்டாம், உனக்கு அது பொருந்தவில்லை. எனக்கும் இனி முடியாது.

மாட்டினேன். முடுக்கினேன். மூன்று சோதனையும் ஐம்பது ஐம்பது தடவை. இர்மா கரண்டியைப் பிடித்தாள். ஒன்றும் விழவில்லை. பிறகு அவளையே விசையை இழுக்கச் சொன்னேன். ஒரே விரல். முகம் சுளிக்கவில்லை. "வெண்ணெய் மாதிரியெல்லாம் இல்ல. நியாயமா இருக்கு" என்றாள். இதுவரை நீ செய்த வேலைக்குக் கிடைத்த நல்ல பாராட்டு இதுவாகத்தான் இருக்கும். சும்மா சொல்லவில்லை, நல்ல வேலை.

துணியைத் திருப்பி அனுப்புகிறேன். முகர்ந்து பார்த்தேன், துப்பாக்கி எண்ணெய் வாடை. கடையில் துடைக்க வைத்திருக்கிற கந்தலில் ஒன்றைக் கிழித்து அனுப்பியிருக்கிறாய். உன் தாத்தா காலத்து வழக்கம் உனக்குத் தெரியாதா? உடம்பில் போட்டிருக்கிற சட்டை. எல்லார் முன்னாலும். வெட்டுகிறவன் வேறொருவன். 1978-ல் நான் போட்டிருந்தது இர்மா கல்யாணத்துக்குத் தைத்துக் கொடுத்த பச்சைக் கம்பளிச் சட்டை. அன்றைக்கு நீ அதைப் பார்த்து யோசிக்கவில்லை. பதினைந்தாம் தேதி உன்னிடம் இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வா. கத்திரிக்கோலை இர்மா கொண்டு வருகிறாள். அவள் கைக்குக் கத்திரிக்கோல் வலிக்கும்தான், ஆனால் இதற்கு மட்டும் வேறு யாரையும் விட மாட்டேன் என்கிறாள். ராத்திரி வரை காத்திருக்க வேண்டாம் என்றும் சொன்னாள், காலையில் காட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால். அந்த மூன்று காபித் துப்பிகளையும் கூப்பிட்டு வை.

என்னுடையதைக் கழற்றாதே. அடுப்பிலும் போடாதே. நீ எரித்தால் எல்லாம் முடிந்த மாதிரி ஆகிவிடும், அது உனக்குத்தான் வசதி. குழலின் முனை அந்தப் பக்கம் திரும்பியிருந்தது என் கையால். அது அங்கே தொங்கட்டும். உன்னுடையதை அதற்குப் பக்கத்தில் அடி. காலியாக விட்ட இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்கிறாய். என்னுடையதில் எழுதியபோது உனக்கு யோசனையே வேண்டியிருக்கவில்லை. அதே பெயரை எழுது. முனை என்னுடையது, கொக்கி உன்னுடையது, குண்டு ஒன்றுதான்.

கறிப் பேஸ்டி சுடுகிறாள், மாவுக்குள்ளே டர்னிப்பும் வைத்து. கரடிக் கொழுப்பு வேண்டாமாம்.

குடிலிலிருந்து மேட்டின் உச்சி வரை துப்பாக்கியை நான் சுமக்கிறேன். அவள் கைக்கு அந்தக் கனம் ஆகாது. உச்சியில்தான் அவளிடம் கொடுப்பேன், அங்கேதான் தோட்டா போடுவோம். அதுவரை அவள் எனக்கு முன்னால் நடக்கிறாள். ஆஸ்பத்திரியில் அப்பா சொன்னதை அவளுக்கு நினைவுபடுத்தினேன். தெரியும் என்றாள்.

டெல்மர்